வரைவதும் செய்வதும் கற்றுத்தருவதும் ஒரே வேலைதான்: கல்வி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

பள்ளியிலோ கல்லூரியிலோ கலை, வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடங்களுக்கு யாரை எடுப்பது, அவருக்கு எத்தனை வகுப்பு கொடுப்பது, எந்த அறையில் எந்த இயந்திரத்தை வைப்பது என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர்கள் நீங்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். நான் ஓவியம் வரைகிறேன். கணினியிலும் பட்டறை இயந்திரங்களிலும் பொருட்களை வடிவமைத்துச் செய்கிறேன். இரண்டையும் மாணவர்களுக்குக் கற்றுத்தருகிறேன். வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி சாயங்காலம் நான் வரையும் படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது, வார இறுதியில் ஒரு பலகையோடு நான் மல்லுக்கட்டியது அடுத்த வாரம் பாடமாகிவிடுகிறது. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் வேலை அறிவிப்புகளில் இப்படிப்பட்ட ஆளுக்கு இடமே இல்லை. கலை ஆசிரியர் என்று ஒரு பணியிடம், கணினி ஆசிரியர் என்று இன்னொன்று, பட்டறைக்கு ஓர் உதவியாளர். ஒரு நேர்காணலில் என் போர்ட்ஃபோலியோவை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசிவரை அதை ஒருவரும் திறக்கவில்லை. எந்தெந்த மென்பொருள் தெரியும், எத்தனை வருட அனுபவம் என்று கேட்டார்கள், அப்புறம் "நீங்க ஆர்ட் டீச்சரா, கம்ப்யூட்டர் டீச்சரா?" என்றார்கள். கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருந்தது, ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

அந்தப் படிவத்தை மாற்றுங்கள் என்று கேட்பதற்காகத்தான் இந்த மடல். பிரித்து வைப்பதால் எனக்கு வரும் சங்கடத்தைவிட மாணவருக்கு வரும் நஷ்டம் பெரியது என்பதால் கேட்கிறேன்.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு மாணவர் 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்கிறார். திரையில் பலகைகளின் ஓரத்தில் பல் பல்லாக வரைந்து, ஒன்றுக்குள் ஒன்று செருகும்படி, பசையே இல்லாமல் நிற்கும்படி வடிவமைக்கிறார். கணினியில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. லேசர் கட்டரில் வெட்டிப் பொருத்தினால் பெட்டி லொடலொடவென்று ஆடுகிறது. லேசர் கோட்டுக்கு அகலம் இருக்கிறது, வெட்டும்போது அது ஓரத்தைக் கொஞ்சம் எரித்துக்கொண்டு போய்விடும். பட்டறையில் இதை கெர்ஃப் என்போம். பொருளையும் லென்ஸையும் வேகத்தையும் பொறுத்து மாறும், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவில் இருக்கும். அது போதாதென்று 3 மில்லிமீட்டர் என்று விற்கும் பலகை சரியாக 3 மில்லிமீட்டர் இருக்காது. அளந்து பார்க்காமல் வெட்டினால் இதுதான் கதி.

இப்போது அந்த மாணவருக்கு யார் உதவுவது? கணினி ஆசிரியர் கோப்பைப் பார்த்துவிட்டு "ஃபைல் சரியாத்தானே இருக்கு" என்பார், அவர் சொல்வது உண்மைதான். கலை ஆசிரியர் "பெட்டியோட அளவு விகிதம் நல்லா இருக்கு, மெஷின் பத்தி எனக்குத் தெரியாது" என்பார், அதுவும் உண்மை. உதவியாளர் பல்லை அகலமாக்கித் தானே வெட்டிக் கொடுத்துவிடுவார், பெட்டி நின்றுவிடும், மாணவர் எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டார். மூன்று நல்ல மனிதர்கள் சுற்றி நின்றும் பாடம் நடக்கவில்லை. இந்த இடத்தில் தேவைப்படுவது பொருளும் இயந்திரமும் தெரிந்த, பார்வையும் உள்ள, அத்தோடு எப்போது சொல்வது எப்போது சும்மா இருந்து அவரையே ஒரு சின்னத் துண்டை வெட்டி அளக்கவிடுவது என்று தெரிந்த ஓர் ஆள். கடைசியாகச் சொன்னதுதான் கற்பித்தல். அதைச் செய்யவேண்டுமென்றால் முதல் இரண்டும் கைக்குள் இருக்க வேண்டும்.

இந்தப் பிரச்சினை புதிதில்லை. 1919-இல் வால்டர் க்ரோபியஸ் ஜெர்மனியின் வைமர் நகரில் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கியபோது ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு பேரைப் போட்டார். உருவத்தைக் கற்றுத்தர ஓர் ஓவியர், கைத்தொழிலைக் கற்றுத்தர ஒரு கைவினைஞர். இரண்டும் தெரிந்த ஒருவர் அப்போது கிடைக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். மாணவர்கள் இருவரிடமும் படித்தார்கள். 1925-இல் பள்ளி டெஸ்ஸாவுக்கு இடம் மாறியபோது அந்த மாணவர்களிலேயே சிலர், மார்செல் ப்ராயர், ஹெர்பெர்ட் பேயர், யோசெஃப் ஆல்பெர்ஸ் போன்றவர்கள், ஆசிரியர்களாகிவிட்டார்கள். இரண்டையும் தெரிந்தவர்களாக வளர்ந்திருந்ததால் ஒரு பட்டறைக்கு ஒருவர் போதுமாக இருந்தது. 1919-இல் மாணவியாகச் சேர்ந்த குண்டா ஷ்டோல்ஸல் 1927-இல் நெசவுப் பட்டறையின் தலைவரானதும் இப்படித்தான். இரண்டு ஆள் ஏற்பாட்டை அவர்கள் ஆறு ஆண்டுகளில் தாண்டிவிட்டார்கள். நாம் நூறு வருடம் கழித்தும் அதையே நிரந்தர அமைப்பாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதே நெசவுப் பட்டறையில் படித்த அன்னி ஆல்பெர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-இல் பட்டயத்துக்காக அவர் நெய்தது ஓர் அரங்கின் சுவரில் போடுவதற்கான துணி. ஒரு பக்கம் சத்தத்தை உறிஞ்சும், மறுபக்கம் செல்லோபேன் இழையால் வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும். அதைக் கலைப் படைப்பு என்பீர்களா, பொறியியல் என்பீர்களா? 1933-இல் அமெரிக்காவுக்குப் போனவர் பிளாக் மவுண்டன் கல்லூரியில் நெசவு கற்றுத்தந்தார், 1965-இல் நெசவைப் பற்றி எழுதிய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டே இருந்ததால்தான் அவரால் அப்படிக் கற்றுத்தரவும் எழுதவும் முடிந்தது என்று நான் நம்புகிறேன். அவர் இன்று உங்களிடம் விண்ணப்பித்தால் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பீர்கள் என்று நிஜமாகவே கேட்கிறேன்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் ம்யூரியல் கூப்பர். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் புத்தகங்களை வடிவமைத்துக்கொண்டிருந்தவர், 1970களில் ரான் மக்நீலுடன் சேர்ந்து எம்ஐடியிலேயே விசிபிள் லாங்குவேஜ் வொர்க்ஷாப் என்ற பட்டறையைத் தொடங்கினார். வடிவமைப்பாளர் வரைந்து கொடுப்பார், அச்சகத்தில் வேறு யாரோ அச்சடிப்பார் என்ற வழக்கத்தை விட்டுவிட்டு மாணவர்களையே அச்சு இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினார். மையும் தட்டும் காகிதமும் அவர்கள் கையிலேயே இருந்தன. கணினித் திரை வந்தபோது அந்தப் பட்டறை எந்தத் தயக்கமும் இல்லாமல் திரைக்கு நகர்ந்தது. எழுத்துகள் முப்பரிமாண வெளியில் மிதக்கும், வாசகர் அவற்றுக்கு நடுவே நகர்ந்து போய்ப் படிப்பார் என்று மாணவர்களோடு சேர்ந்து செய்துகாட்டியதை 1994-இல் பொதுமேடையில் காட்டினார். அதே வருடம் இறந்துவிட்டார். அடுத்து அங்கே வந்தவர் ஜான் மைடா, கணினியியலும் கலையும் இரண்டையும் படித்தவர். அவரிடம் படித்த கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001-இல் ப்ராசஸிங் என்ற இலவசக் கருவியை உருவாக்கினார்கள். நிரல் எழுதியே படம் வரையலாம், எழுதிய உடனே திரையில் பார்க்கலாம். இன்றைக்கும் கலை மாணவர்கள் பலர் முதல் நிரலை அதில்தான் எழுதுகிறார்கள். செய்துகொண்டே கற்றுத்தந்த ஒரு மரபிலிருந்து கற்றுத்தருவதற்கான கருவியே பிறந்திருக்கிறது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நீங்கள் கேட்கும் மென்பொருள் பட்டியலைப் பற்றியும் பேசியாக வேண்டும். அறிவிப்பில் ஐந்தாறு மென்பொருள் பெயர்களைப் போட்டு, இவற்றில் தேர்ச்சி கட்டாயம் என்கிறீர்கள். ஒரு காலத்தில் அந்தப் பட்டியலில் பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருள் இருந்தது. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது, அதோடு சரி. பின்னர் ஃப்ளாஷ் இருந்தது. அசைவூட்டமும் இணைய விளையாட்டும் கற்றுத்தந்த எத்தனையோ வகுப்புகள் அதை நம்பியே நடந்தன. 2020 முடிந்ததோடு அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது, உலாவிகளில் ஓடவே இல்லை. மெனுவில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் படித்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். ஓர் அசைவு எப்போது மெதுவாகத் தொடங்கி எங்கே வேகமெடுத்தால் கண்ணுக்கு உயிருள்ளதாகத் தெரியும் என்று படித்தவர்கள் அடுத்த கருவிக்குப் போய்ச் சில வாரங்களில் வேலையைத் தொடர்ந்தார்கள். பக்க அமைப்பிலும் இதே கதைதான். ஓரவெளி, வரி நீளம், எதைப் பெரிதாக்கினால் எது அமுங்கும் என்பதெல்லாம் பேஜ்மேக்கரோடு செத்துப்போகவில்லை.

1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியின் திரையில் தெரியும் சின்னங்களை (ஐகான்களை) வரைந்த சூசன் கேர், அந்த வேலைக்குப் போகும்போது கணினி வரைகலையில் அனுபவம் இல்லாதவர். நுண்கலையில் முனைவர் பட்டம் பெற்றவர், அப்போது சிற்பம் செய்துகொண்டிருந்தார். கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வரிசைக்கு 32 கட்டம் என 32 வரிசையில், ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு புள்ளியாக வைத்து நிரப்பி வரைந்தார். மென்பொருள் பட்டியலை வைத்து ஆள் எடுத்திருந்தால் அவர் முதல் சுற்றிலேயே வெளியே போயிருப்பார்.

அதனால் நேர்காணலில் வேறு கேள்விகளைக் கேளுங்கள். நீங்கள் செய்த ஒன்றைக் காட்டுங்கள், அதில் எது மூன்று தடவை மாறியது, ஏன் மாறியது என்று கேளுங்கள். ஒரு காகிதத்தையும் கத்தரிக்கோலையும் கொடுத்து எங்களுக்கு இருபது நிமிடம் ஏதாவது கற்றுத்தாருங்கள் என்று சொல்லுங்கள். யோசெஃப் ஆல்பெர்ஸ் நிறத்தைக் கற்றுத்தந்தது பெரும்பாலும் வண்ணக் காகிதத் துண்டுகளை வைத்துத்தான். ஒரே சாம்பல் நிறத் துண்டை இரண்டு வெவ்வேறு பின்புலத்தில் ஒட்டினால் அது இரண்டு நிறமாகத் தெரியும். அவர் அதைப் புத்தகமாக்கியது 1963-இல். இன்று செயலி ஒன்றுக்குப் பொத்தானின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவிக்கும் அதே பயிற்சி அப்படியே பொருந்துகிறது. காகிதத்தை வைத்து இதைச் சொல்லத் தெரிந்தவரிடம் உங்கள் விலையுயர்ந்த கணினி அறையைத் தைரியமாக ஒப்படைக்கலாம்.

இயந்திரங்களுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம். புதிய ஆய்வகம் என்று அறிவித்து முப்பரிமாண அச்சுப்பொறி, லேசர் கட்டர் எல்லாம் வாங்கிவிடுகிறீர்கள், திறப்பு விழாவும் நடக்கிறது, அதை நடத்துவதற்கான நேரத்தை மட்டும் எங்கும் எழுதுவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது மாணவர்கள், ஆளுக்கு ஒரு சின்னப் பொருள், ஒன்றை அச்சிட இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் ஒரே இயந்திரத்தில் அறுபது மணி நேரம். உங்கள் அட்டவணையில் எனக்கிருப்பது வாரத்துக்கு இரண்டு பீரியட். மீதி நேரத்தில் இயந்திரத்தின் பக்கத்தில் யார் உட்காருவது? அச்சுப்பொறியில் பிளாஸ்டிக் உருகி வெளிவரும் மூக்கு அடைத்துக்கொள்ளும், அச்சிடும் தட்டின் மட்டம் தப்பும், முதல் அடுக்கு ஒட்டாமல் நூல் நூலாகச் சுருண்டு போகும். லேசரின் லென்ஸைத் துடைக்க வேண்டும், புகை உறிஞ்சியின் வடிகட்டியை மாற்ற வேண்டும். மாணவர் கொண்டுவரும் பிளாஸ்டிக் என்ன வகை என்று பார்க்காமல் உள்ளே வைக்கவே கூடாது. அது பிவிசியாக இருந்தால் வெட்டும்போது வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு புகை நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்தையும் அரித்துவிடும். இதைத் தெரிந்த ஆள் அறையில் இருப்பது பாதுகாப்பு விஷயம். ஆனால் இந்த வேலை முழுவதும் சம்பளக் கணக்கிலும் பணிச்சுமைக் கணக்கிலும் எங்கேயும் வருவதில்லை. வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் சும்மாதானே இருக்கிறார் என்று இன்னொரு வகுப்பைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள், இரண்டே வருடத்தில் இயந்திரம் துணி போர்த்தி மூலையில் நிற்கிறது. அப்போது "டீச்சருக்கு ஆர்வம் இல்லை" என்கிறீர்கள்.

எங்கள் சொந்த வேலையைப் பற்றியும் உங்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஓவியக் கண்காட்சி வைத்தாலும் வெளியே ஒரு வடிவமைப்பு வேலை எடுத்தாலும் அதைக் கவனச்சிதறல் என்று பார்த்தார்கள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக முடிந்தது. அறிவியல் ஆசிரியர் ஆய்வுக் கட்டுரை எழுதினால் நிறுவனத்துக்குப் பெருமை, கலை ஆசிரியர் படம் வரைந்தால் பக்கத்தொழில். ஏன் இந்த வேறுபாடு? வரைவதை நிறுத்திய ஓவிய ஆசிரியர் மெல்ல மெல்லத் தான் முன்பு கற்றதையே திரும்பத் திரும்பச் சொல்பவராகிவிடுகிறார். ஒரு பொருளைச் செய்து, அது உடைந்து, திரும்பச் செய்து, இன்னொருவர் கையில் கொடுத்து அவர் அதைத் தவறாகப் பிடிப்பதைப் பார்க்கும் அனுபவம் வருடாவருடம் புதுப்பிக்கப்பட வேண்டும். அது இல்லாமல் "பயனரை மனதில் வைத்து வடிவமை" என்று பலகையில் எழுதிப்போடுவதால் எந்த மாணவருக்கும் எதுவும் ஏறாது.

பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள் என்பதும் உண்மை. "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கும் மாணவருக்கு நான் தொழில்களின் பெயரைச் சொல்லலாம்: எழுத்துரு வடிவமைப்பு, அருங்காட்சியகக் காட்சி அமைப்பு, செயலிகளின் இடைமுகம், விளையாட்டு, பொம்மை, செயற்கைக் கை கால் வடிவமைப்பு, இன்னும் எத்தனையோ. அதைவிட அவர் முன்னால் நிற்கும் ஆசிரியர் இந்த வாரம் எதைச் செய்துகொண்டிருக்கிறார், அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள், எங்கே சிக்கியிருக்கிறார் என்று பார்ப்பது அவருக்கு நம்பகமான பதில். பலருடைய வாழ்க்கையில் இது ஒரே பதவியாக வருவதில்லை என்பதையும் நான் மறைப்பதில்லை. வாரத்தில் சில நாள் வகுப்பு, சில நாள் வடிவமைப்பு வேலை, மிச்ச நேரத்தில் சொந்தப் படைப்பு என்றுதான் வருமானமும் வாழ்க்கையும் அமைகிறது. அதை அரைகுறை வேலை என்று நினைக்காமல், மரியாதையான பகுதிநேரப் பணியிடங்களை, விடுப்பும் மற்ற உரிமைகளும் சேர்த்து, உருவாக்க உங்களால் முடியும்.

செயற்கை நுண்ணறிவு படம் வரைகிறதே, இனி எதற்கு இதெல்லாம் என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். வகுப்பில் நாங்களும் அதைப் பயன்படுத்திப் பார்க்கிறோம். நாற்பது படத்தை அது நொடியில் கொடுக்கும்போது, எது வேண்டும், ஏன் மற்ற முப்பத்தொன்பதும் வேண்டாம், இந்தக் கோப்பை உருவத்தில் சூடான எதையாவது ஊற்றினால் கைப்பிடி எங்கே சுடும் என்று சொல்லத் தெரிய வேண்டும். அது கையில் பொருளோடு பழகிய ஆளுக்குத்தான் தெரிகிறது. இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் கணிதத் துறையிலிருந்து ஒரு விஷயம் சொல்ல ஆசை. குழந்தைகளுக்கான லோகோ கணினி மொழியை 1967-இல் உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் ஒரு கணிதவியலாளர். 1960களின் கடைசியில் ஒரு பள்ளியில் கணித வகுப்புக்குப் போகும் வழியில் ஓவிய அறையைத் தாண்டிப் போவாராம். அங்கே மாணவர்கள் வாரக்கணக்கில் சோப்புக் கட்டியில் சிற்பம் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். யோசிக்க, கனவு காண, ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை முயல, அடுத்தவர் செய்வதைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்தது. கணித வகுப்பும் இப்படி இருக்க வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது, அதை அவரே எழுதியிருக்கிறார். செய்வதன் மூலம் கற்றல் பற்றிய அவருடைய சிந்தனைக்கு ஒரு தூண்டுதல் அந்த ஓவிய அறை. உங்கள் நிறுவனத்தில் மற்ற பாடங்களும் கற்றுக்கொள்ளக்கூடிய இடமாக எங்கள் அறை இருக்கிறது. செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் அதில் கைவைக்காதீர்கள்.

அடுத்த ஆண்டுக்கான அட்டவணையை நீங்கள் போடும்போது மூன்றை அதில் பார்க்க விரும்புகிறேன். பட்டறைப் பராமரிப்பு என்று பெயர் போட்டே சில பீரியட். ஆசிரியர் தன் சொந்த வேலையைச் செய்ய வாரத்தில் ஓர் அரை நாள், அதே பட்டறையில், மாணவர்கள் வந்து பார்க்கலாம் என்ற ஏற்பாட்டோடு. கலைக்கும் தொழில்நுட்பத்துக்கும் இப்போது தனித்தனியாக இருக்கும் ஒற்றை ஒற்றை பீரியடை ஒன்றாக இணைத்து நீளமான ஒரே வகுப்பு. இதில் எதற்கும் புதிய கட்டடம் தேவையில்லை. முடியாது என்று தோன்றினால் எது முடியாது, எதனால் முடியாது என்று எழுதி அனுப்புங்கள், உட்கார்ந்து பேசி வழி கண்டுபிடிக்க நான் தயார்.

இப்படிக்கு,
பட்டறையிலும் வகுப்பறையிலும் உங்களோடு வேலை செய்ய விரும்பும் ஓர் ஆசிரியர்